பெண்மக்களும் பிள்ளைகளே



சென்ற மாதம் ஒரு சாயந்தரம், ஜெபமாலை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் அறைவீட்டுக்கு வந்தார்கள். நல்ல குடும்பம்; ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவர்கள். தகப்பனார் காலமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கையில் ஒரு பத்திரம் வைத்திருந்தார்கள். தகப்பனாருடைய சொத்தில் தங்களுக்குள்ள பாகத்தை இரண்டு பெண்மக்களும் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் அது. “சாமி, நீங்கள் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஆசீர்வாதமாயிருக்கும்” என்றார் மூத்த மகன். பெண்மக்கள் இருவரும் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தார்கள். “இதற்கு உங்களுக்கு மனச்சம்மதந்தானா, அம்மா?” என்று கேட்டேன். “ஊர் வழக்கந்தானே, சாமி” என்றாள் மூத்தவள். இளையவள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுக்கு வருத்தந்தான். யார் அந்தக் குடும்பம் என்று ஒருவரும் தேட வேண்டாம். இப்படிப்பட்ட பத்திரத்தோடு என்னிடம் வந்தவர்கள் அவர்கள் மாத்திரமல்ல. அவர்களுடைய உத்தரவு பெற்றே இதை எழுதுகிறேன். ஏன் மறுத்தேன் என்பதை அவர்களுக்குச் சொன்னதுபோலவே உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆணும் பெண்ணும் சமம் என்று இக்காலத்தில் எங்கும் பேசுகிறார்கள். மேடையில் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். நாமும் அதை மறுப்பதில்லை. பெண்பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். அவள் வேலைக்குப் போய்க் கொண்டுவரும் சம்பளத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். ஆனால் சமத்துவம் என்பது பேச்சிலே சோதிக்கப்படுவதில்லை, பத்திரத்திலே சோதிக்கப்படுகிறது. ஆகையால் இந்த வாரம் நாம் வானத்தைப் பார்த்துப் பேசாமல், வீட்டையும் வயலையும் பார்த்துப் பேசுவோம்.

முதலாவது, சர்வேசுரனுடைய சித்தத்தைக் கவனியுங்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே, சர்வேசுரன் மனிதனைத் தமது சாயலாக ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தார் என்று வாசிக்கிறோம். ஆணுக்கு முழுச் சாயலும் பெண்ணுக்குக் கால் சாயலும் கொடுத்ததாக அங்கே எழுதியில்லை. ஏவாள் ஆதாமின் விலாவிலிருந்து உண்டாக்கப்பட்டதற்கு அர்ச். தோமாஸ் அக்வினாஸ் அழகான பொருள் சொல்லுகிறார். அவள் புருஷனை ஆளும்படி அவன் தலையிலிருந்து எடுக்கப்படவில்லை. அவனுக்கு அடிமையாகும்படி அவன் காலிலிருந்தும் எடுக்கப்படவில்லை. அவனோடு சேர்ந்து வாழும்படி அவன் விலாவிலிருந்து எடுக்கப்பட்டாள் என்பதே அவருடைய கருத்து.

பின்னும் நமது கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆண் குழந்தைக்கு ஒரு புத்தகம், பெண் குழந்தைக்கு ஒரு புத்தகம் என்று இல்லை. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே தைலம். அந்தத் தண்ணீரிலே பிறந்தவர்கள் சர்வேசுரனுக்குப் பிள்ளைகள். பிள்ளைகளானால் சுதந்தரவாளிகளுமாயிருக்கிறார்கள் என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் போதிக்கிறார். அர்ச். இராயப்பரோ தமது முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், புருஷர்கள் தங்கள் மனைவிகளை நித்திய ஜீவியத்துக்குத் தங்களோடுகூட உடன் சுதந்தரவாளிகள் என்று எண்ணி, மரியாதையாய் நடத்தவேண்டும் என்கிறார். அப்படி நடத்தாவிட்டால் உங்கள் ஜெபங்களுக்கே தடை உண்டாகும் என்றும் எச்சரிக்கிறார். உடன் சுதந்தரவாளிகள்! மோட்ச இராச்சியத்திலே நம் மகள் சமபங்காளி. ஆனால் மூன்று ஏக்கர் நஞ்சையிலே அவளுக்குப் பங்கில்லை. இது எப்படிப்பட்ட நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, வேதாகமத்தில் இந்த வழக்கே நடந்திருக்கிறது. எண்ணாகமத்தின் 27-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மனாசே கோத்திரத்தில் சல்பாத் என்பவர் ஒருவர் வனாந்தரத்திலே இறந்துபோனார். அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. பெண்கள் ஐந்து பேர். அந்த ஐவரும், மோயீசன், பெரிய குருவான எலெயாசார், பிரபுக்கள், சபையார் எல்லோருக்கும் முன்பாக, ஆசாரக் கூடாரத்தின் வாசலிலே வந்து நின்றார்கள். ஆண்பிள்ளை இல்லாத குற்றத்துக்காக எங்கள் தகப்பனாருடைய பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணி வேண்டும் என்று கேட்டார்கள்.

மோயீசன் என்ன செய்தார்? “பெண்களுக்கு என்ன பேச்சு, வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லவில்லை. “ஊர் வழக்கம்” என்றும் சொல்லவில்லை. அந்த வழக்கை ஆண்டவருடைய சமுகத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயமே, அவர்களுக்குக் கொடு என்று ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார். பெரிய மோயீசனும் தமக்குத் தெரியாத ஒன்றைப் பெண்களுடைய வாயிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பு ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மாத்திரந்தானே என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான்; பழைய ஏற்பாட்டுச் சட்டம் அம்மட்டிலே நின்றது. ஆனால் யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். துன்பமெல்லாம் தீர்ந்தபின் யோபுவுக்கு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்தார்கள். அந்த மூன்று பெண்களுக்கும் அவர்களுடைய சகோதரர்களின் நடுவே அவர் காணி கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. ஏழு ஆண்பிள்ளைகள் இருக்கும்போதே கொடுத்தார்! எல்லாவற்றையும் இழந்து பார்த்த மனிதனுக்குப் பிள்ளைகளின் அருமை தெரிந்திருந்தது.

மூன்றாவது, நமது தேசத்தின் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததினாலே பலர் ஏமாறுகிறார்கள்.

பழைய திருவிதாங்கூர் இராச்சியத்தில் 1916-ம் வருஷத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் ஏற்பட்டது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுடைய பாகத்தில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்குச் சேரும். ஸ்திரீதனம் கொடுத்தோ, கொடுப்பதாக வாக்களித்தோ இருந்தால் அதுவும் இல்லை. விதவைக்குக் கிடைத்த பாகமோ அவளுடைய ஆயுள் மட்டும் அநுபவிக்கத்தக்கது. மறுவிவாகம் செய்தால் அதுவும் போயிற்று. இன்றைய கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1-ம் தேதி வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தபடியால், இது மலையாளத்தார் கதை மாத்திரமல்ல. நம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கதையுமாம்.

கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த மேரி ராய் என்னும் சிரியன் கிறிஸ்தவ அம்மாள், இந்தச் சட்டத்தை எதிர்த்து 1983-ம் வருஷத்தில் டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1986 பிப்ரவரி 24-ம் தேதி தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-ம் வருஷத்திலேயே செத்துப்போயிற்று, அதுமுதல் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுச் சட்டமே செல்லும் என்று கோர்ட்டார் சொன்னார்கள். சல்பாத்தின் ஐந்து பெண்களும் கூடார வாசலிலே கேட்டதை, இந்த அம்மாள் கோர்ட்டு வாசலிலே கேட்டார்கள். ஆனால் தீர்ப்பு வந்தபோது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே முணுமுணுப்பும் எதிர்ப்பும் எழுந்தன என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் 2022-ம் வருஷத்தில் காலமானார்கள்.

நமது தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் இந்த 1925-ம் வருஷத்துச் சட்டமே செல்லும். கணக்கு எளிது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பாகம் விதவைக்கு. மீதி இரண்டு பாகம் பிள்ளைகளுக்குச் சமமாக. பன்னிரண்டு லட்ச ரூபாய் சொத்து, மனைவி, இரண்டு ஆண், இரண்டு பெண் என்று வைத்துக்கொள்வோம். தாயாருக்கு நாலு லட்சம். பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கு இரண்டு லட்சம். ஆண் என்றும் பெண் என்றும் அந்தச் சட்டத்தில் பேதமில்லை. இந்து சகோதரர்களின் கூட்டுக்குடும்பச் சொத்திலும் பெண்மக்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1989-ம் வருஷத்திலும், மத்திய அரசாங்கம் 2005-ம் வருஷத்திலும் கொடுத்தன. வேதத்தை ஒப்புக்கொள்ளாத சுயமரியாதைக்காரர்கள்கூட 1929-ம் வருஷத்திலேயே செங்கற்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். எண்ணாகமத்தையும் யோபு ஆகமத்தையும் கையில் வைத்திருந்த நாம் சும்மா இருந்தோம்.

சட்டம் இப்படி இருக்க, சங்கடம் எங்கே? உயிலிலும் விடுதலைப் பத்திரத்திலும் இருக்கிறது. சட்டம் கொடுத்ததை நாம் பேனாவினால் எடுத்துவிடுகிறோம். கோர்ட்டார் அதைக் கேட்கமாட்டார்கள். சர்வேசுரன் கேட்பார்.

பிரியமானவர்களே, இதுவரையில் உங்களுக்குப் பிரசங்கம் செய்தேன். இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன்.

2004-ம் வருஷத்தில் என் தகப்பனார் இறந்தார். நான் அப்போது குருமடத்தில் வேத சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூத்தவர்கள் ஒரு அண்ணன், ஒரு அக்காள். அக்காள் கலியாணமாகி இரண்டு பிள்ளைகளோடிருந்தாள். எங்களுக்கு ஒரு வீடும் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த வாரம் எல்லோரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். அம்மாவும் அக்காளும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். “சம்மதந்தானே, அம்மா?” என்று அதிகாரி கேட்டார். அக்காள் தலையை ஆட்டினாள். வீடு அண்ணனுக்கு, நஞ்சை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி என்று பாகமாயிற்று. வெளியே வந்ததும் அக்காள், “காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே, தம்பி” என்று சொல்லி, தன் கைக்காசிலிருந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

யோசித்துப் பாருங்கள். நான் உலகத்தைத் துறக்கப் போகிறவன். எனக்குப் பெண்சாதி பிள்ளை கிடையாது. எனக்கு நிலத்தில் பாதி. இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டியவளுக்கு ஒன்றுமில்லை. நீதி என்னும் புண்ணியத்தைப்பற்றி அந்த வருஷந்தான் பாடம் படித்து நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் இது அநீதி என்று எனக்குத் தோன்றவேயில்லை. வழக்கம் என்பது அப்படிப்பட்ட திரை.

2013-ம் வருஷத்தில் அத்தான் திடீரென்று இறந்துபோனார். அக்காள் பிள்ளைகளோடு சில மாதம் பிறந்த வீட்டில் வந்து இருந்தாள். அண்ணனும் மதினியும் கெட்டவர்களல்ல, சோறு போட்டார்கள். ஆனாலும், தான் பிறந்த வீட்டிலேயே அடுப்பு மூட்ட அவள் உத்தரவு கேட்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ச் சுவாமியார் இல்லாதபடியால் நான் அங்கே பூசை வைத்தேன். ஆண்டவரிடம் ஒருவன் வந்து, ஆஸ்தியை எனக்குப் பங்கிடும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்ட சுவிசேஷம் அன்று வந்தது. பொருளாசையைப்பற்றி நன்றாய்ப் பிரசங்கித்தேன். பூசை முடிந்தபின் அக்காள் வந்து, “நல்லாப் பேசினாய், தம்பி” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் நிலத்தில் என் பாகத்தை அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தேன். அந்தப் பத்திரத்துக்குத் தான செட்டில்மெண்டு என்று பெயர். அது தானமல்ல, கடனைத் திருப்பிக் கொடுத்தது. பத்து வருஷம் தாமதித்துக் கொடுத்த கடன். அவள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, “நிலத்துக்காக இல்லை, தம்பி. அப்பாவுடைய பத்திரத்தில் என் பெயரும் பிள்ளை என்று இருக்கவேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்” என்று சொல்லி அழுதாள். சல்பாத்தின் பெண்மக்கள் கேட்டதும் இதுதான். மண்ணை மட்டுமா கேட்டார்கள்? தகப்பனுடைய பெயரிலே ஒரு இடம் கேட்டார்கள்.

இதனாலேதான், பிரியமானவர்களே, சென்ற மாதம் என் கை அந்தப் பத்திரத்துக்குப் போகவில்லை.

சிலருடைய ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். “நகையும் சீரும் செய்து கட்டிக்கொடுத்தோமே, அதுதானே அவள் பாகம்?” என்பார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ம் வருஷம் முதல் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்தப் பணம் யார் கையில் போயிற்று? மருமகன் கையிலும் சம்பந்தி கையிலும் போயிற்று. மகள் கையில் என்ன நின்றது? அன்றியும், மகனுடைய கல்லூரிச் செலவையும் கடை வைத்துக் கொடுத்த முதலையும் அவன் பாகத்தில் கழித்தீர்களா? ஒருவருக்கு மட்டும் கணக்கு எழுதுவது கணக்காகாது.

“மகன்தானே கடைசிக் காலத்தில் வைத்துக் காப்பாற்றுகிறான்?” என்பார்கள். முதல் வெள்ளிக்கிழமைதோறும் வியாதிக்காரருக்கு நன்மை கொண்டுபோகிறேன். படுக்கையைத் தட்டிப்போட்டு, முகத்தைத் துடைத்து, மெழுகுதிரி ஏற்றிவைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் யார்? மகள், இல்லாவிட்டால் மருமகள். மருமகளும் ஒருவருடைய மகளல்லவா? நாலாம் கற்பனை ஆண்மக்களுக்கு மாத்திரம் கொடுக்கப்படவில்லை. ஆகையால் பலனும் அவர்களுக்கு மாத்திரம் சேராது.

“ஸ்திரீகள் புருஷருக்கு அமைந்திருக்க வேண்டும் என்று சின்னப்பர் சொல்லவில்லையா?” என்று வேதம் படித்தவர்கள் கேட்பார்கள். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில், நீங்கள் ஒருவருக்கொருவர் அமைந்திருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டே அதைச் சொன்னார். புருஷன் தன் மனைவியைக் கிறிஸ்துநாதர் திருச்சபையை நேசித்ததுபோல நேசிக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டார். கிறிஸ்துநாதர் திருச்சபையினுடைய பாகத்தை எடுத்துக்கொண்டாரா? தம்முடைய இரத்தத்தையல்லவா அவளுக்காகக் கொடுத்தார்! அந்த வசனத்தைக் காட்டி மகளுடைய வயலை எடுப்பது வேதத்துக்குச் செய்யும் அவமரியாதை.

திருச்சபையின் போதகமும் தெளிவாயிருக்கிறது. 23-ம் அருளப்பர் என்னும் பாப்பரசர் 1963-ம் வருஷத்தில், பூமியில் சமாதானம் என்னும் நிருபத்தில், பெண்கள் வீட்டிலும் பொதுவாழ்விலும் தங்கள் மேன்மைக்குரிய உரிமைகளைக் கேட்பதை இக்காலத்தின் அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக் காட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ம் வருஷத்தில், ஆண் பெண் என்பதைக்கொண்டு அடிப்படை உரிமைகளில் செய்யும் வேற்றுமை சர்வேசுரனுடைய சித்தத்துக்கு மாறானது, அதை நீக்கவேண்டும் என்று அறிக்கையிட்டது.

ஆகையால் நீங்கள் செய்யவேண்டியது என்ன? தகப்பன்மாரே, உயில் எழுத உட்காரும்போது மகன்களை எண்ணாதீர்கள், பிள்ளைகளை எண்ணுங்கள். உங்கள் மனைவியையும் மறவாதீர்கள். நமதாண்டவர் சிலுவையில் தொங்கி மூச்சு வாங்கின வேளையிலும், தமது தாயாரைத் தமது அன்புள்ள சீஷனிடத்தில் ஒப்புவித்து அவர்களுக்கு ஓர் இடம் ஏற்பாடு செய்தார். அவருக்கு மண்ணிலே ஒரு சாண் நிலமும் இல்லை. ஆனாலும் தாயாரை நிராதரவாக விடவில்லை.

சகோதரர்களே, சாவு வீட்டின் கண்ணீர் காயுமுன் தங்கையிடம் பத்திரத்தை நீட்டாதீர்கள். அவள் தானாகவே விட்டுக்கொடுக்க விரும்பினால், ஒரு வருஷம் போகட்டும். தனக்கு எவ்வளவு உண்டு என்று அவள் ஒரு வக்கீலிடம் தனியாய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்து கொடுப்பதே கொடை. தெரியாமல் வாங்குவது வேறு. ஏற்கனவே எழுதி வாங்கினவர்கள் இந்தத் தபசுகாலத்தில் சகோதரியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைச் செய்யுங்கள். ஏழாம் கற்பனை அந்நியருடைய பொருளுக்கு மாத்திரமல்ல.

பெண்மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமையைக் கேட்பது பாவமல்ல. ஆனால் பகையோடு கேட்க வேண்டாம். பாகத்தைக் கேட்கிறவர்கள் பாரத்தையும் ஏற்கவேண்டும். தாயாரைப் பராமரிப்பதிலும், தகப்பனார் வைத்துப்போன கடனிலும் உங்களுக்கும் பங்கு உண்டு. பொருளாசையைப்பற்றி ஆண்டவர் சொன்ன எச்சரிக்கை அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றே.

என் பங்குக்கு நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் ஓலை எழுத வரும் குடும்பத்தாரிடத்தில், பெண்ணிடமிருந்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினீர்களா என்று கேட்பேன். சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் வராதீர்கள். உயிர்த்தெழுந்த நாதர் தமது உத்தானத்தைச் சீஷர்களுக்கு அறிவிக்கும்படி மரிய மதலேனம்மாளையே முதல் சாட்சியாக அனுப்பினார். அவளுடைய வார்த்தையைச் சீஷர்கள் முதலில் நம்பவில்லை, பிற்பாடு வெட்கப்பட்டார்கள். நாமும் நம் வீட்டுப் பெண்களின் வாய்ச்சொல்லைக் கேளாமல் பிற்பாடு வெட்கப்படாதிருப்போமாக.

அந்தக் குடும்பத்தார் பத்திரத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். என்ன முடிவு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சென்ற ஞாயிறு அந்த இளைய மகள் நன்மை வாங்க வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காகவும் உங்கள் எல்லோருடைய வீட்டுக்காகவும் பூசையில் வேண்டிக்கொள்ளுகிறேன். நீங்களும் இன்றிரவு ஜெபமாலையில் ஒரு பத்துமணி, சகோதர நீதிக்காக ஒப்புக்கொடுங்கள். அர்ச். தேவமாதாவும், அவர்களை மரியாதையோடு காத்த அர்ச். சூசையப்பரும் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவார்களாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்